தட்டில் குறைகிற 15 கிராம்

"எடையைக் குறைக்கப்போகிறேன்" என்று யாராவது வாயைத் திறந்தால், சுற்றியிருப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எதை விட்டிருக்கீங்க?" சோறு, சர்க்கரை, கிழங்கு, தேங்காய், ராத்திரிச் சாப்பாடு என்று ஆளுக்கொரு பட்டியல் இருக்கிறது. அலுவலகத்தில் ஒருவர் இட்லிக்கு முழுக்குப் போட்டுவிட்டு முட்டையின் வெள்ளைக்கருவோடு நிறுத்திக்கொள்கிறார். இன்னொருவருக்கு இரவு ஒரு டம்ளர் மோர்தான். மூன்று வாரத்தில் எடை இரண்டு கிலோ இறங்கிவிடும். கூடவே மலம் இறுகும், காலையில் கழிவறையிலேயே அரை மணி நேரம் போகும், மாலை 4 மணியானால் கொலைப்பசி எடுக்கும். நான்காவது வாரம் மிக்சர் பொட்டலம் பிரிக்கப்படும். இறங்கிய இரண்டு கிலோ வட்டியோடு திரும்பி வரும்.

பழி சாப்பிட்டவர்மீதுதான் விழும். வாயைக் கட்டத் தெரியவில்லை என்பார்கள். ஆனால், தட்டைப் பார்த்தால் காரணம் அங்கேயே கிடைக்கும். நம் சாப்பாட்டில் காயும் பருப்பும் தனி உணவாக இருப்பதில்லை. சாம்பார் சோற்றில் பிசைவதற்கு, பொரியல் தொட்டுக்கொள்வதற்கு, கூட்டும் கீரை மசியலும்கூடச் சோற்றை உள்ளே இறக்கும் துணைதான். சோறு பாதியானால் துணையும் பாதியாகிவிடும். சோற்றை அடியோடு விட்டவர், வெறும் பொரியலைக் கிண்ணத்தில் போட்டுச் சாப்பிடுவதில்லை. அந்தப் பழக்கமே நமக்குக் கிடையாது. அரிசியைக் குறைப்பதாக நினைத்துக்கொண்டு, ஏற்கெனவே போதாமல் இருந்த நார்ச்சத்தையும் சேர்த்துக் குறைத்துவிடுகிறோம். நம் ஊர் எடைக் குறைப்பு முயற்சிகளில் பல ஒரு மாதம்கூடத் தாங்காமல் போவதற்கு இதுவே முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

இது சில வசதியானவர்களின் கவலை என்று ஒதுக்கிவிட முடியாது. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 2015-16இல் தமிழ்நாட்டுப் பெண்களில் 30.9% பேர் உடல் பருமனோ அதிக எடையோ கொண்டிருந்தார்கள். 2019-21இல் அது 40.4% ஆனது. ஆண்களில் 28.2% என்பது 37% ஆக உயர்ந்தது. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 'இன்டியாப்' ஆய்வு, தமிழ்நாட்டில் நீரிழிவு உள்ளவர்கள் 14.4% என்றது. பத்துப் பேரில் நான்கு பேருக்கு எடை ஒரு பிரச்சினை என்றால், எடையைக் குறைக்கச் சொல்லும் அறிவுரை எப்படி இருக்கிறது என்பது பொதுச் சுகாதாரக் கேள்வி.

ஒரு நாள் கணக்கு

எவ்வளவு நார்ச்சத்து தேவை? ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, உட்கார்ந்து வேலை பார்க்கும் ஆணுக்கு நாளொன்றுக்கு 30 கிராம், பெண்ணுக்கு 25 கிராம். உடலுழைப்பு கூடினால் இந்த அளவும் கூடும். உலக சுகாதார நிறுவனம் 2023இல், வயதுவந்த எவரும் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்தும், 400 கிராம் காய்கறி, பழங்களும் சாப்பிட வேண்டும் என்றது.

இப்போது ஒரு தட்டைக் கணக்குப் பார்ப்போம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட இந்திய உணவுகளின் சத்து அட்டவணை கையில் இருந்தால் போதும். 'டயட்'டில் இருக்கும் ஓர் அலுவலக ஊழியர் காலையில் இரண்டு இட்லியும் கொஞ்சம் தேங்காய்ச் சட்னியும் சாப்பிடுகிறார். 3 கிராம். மதியம் ஒரு கிண்ணம் சோறு, அதாவது அரிசியாக 60 கிராம். அதில் சுமார் 2 கிராம். அவர் பங்குக்கு வரும் சாம்பாரில் துவரம்பருப்பு 20 கிராம் இருக்கும். அதில் 2 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. கரண்டியில் ஒருமுறை வைத்த பொரியலில் 2 கிராம். மாலை பால் சேர்க்காத தேநீரோடு இரண்டு 'டைஜஸ்டிவ்' பிஸ்கட். ஒன்றரை கிராம் வந்தால் அதிகம். இரவு இரண்டு சப்பாத்தி. மைதா கலக்காத முழுக் கோதுமை மாவாக இருந்தால் 5 கிராம். கூட்டினால் 15. ஒழுங்காக, கட்டுப்பாடாக, வீட்டுச் சாப்பாடு சாப்பிட்ட ஓர் ஆணுக்குத் தேவையில் சரிபாதி.

அதே தட்டில் சோற்றைத் தொடாமல் மூன்று மாற்றங்கள் செய்யலாம். ஒரு கரண்டிப் பொரியலை 150 கிராமாக்குவது. கொத்தவரங்காய் என்றால் 7 கிராம் கிடைக்கும். கூடவே ஒரு கைப்பிடிக் கீரையைப் பருப்போடு கடைந்து சேர்த்தால் இன்னொரு 3 கிராம். மாலை பிஸ்கட்டுக்குப் பதில் கருப்புக் கொண்டைக்கடலைச் சுண்டல். ஊறவைக்கும் முன் 40 கிராம் கடலை. அதில் மட்டும் 10 கிராம். மொத்தம் 30ஐத் தாண்டிவிட்டது. இணையத்தில் வரவழைக்க வேண்டிய விதை எதுவும் இந்தப் பட்டியலில் இல்லை. கொண்டைக்கடலை கிலோ 100 ரூபாயை ஒட்டி விற்கும் கடையில், அந்தக் கிண்ணச் சுண்டலின் கடலைக்கு ஆகும் செலவு நான்கைந்து ரூபாய்.

பிஸ்கட்டையும் சுண்டலையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது. தாளிக்கும் எண்ணெயை விட்டுவிட்டால் இரண்டிலும் கலோரி கிட்டத்தட்ட ஒன்றுதான், 150ஐ ஒட்டி. ஒன்று பத்து நிமிடத்தில் மறந்துபோகும். மற்றொன்றை மென்று முடிக்கவே பத்து நிமிடம் ஆகும். இரவுச் சாப்பாடு வரை வயிறு வேறெதையும் கேட்காது.

வயிற்றுக்குள் நடப்பது

நார்ச்சத்து என்பது நம் செரிமான நொதிகளால் உடைக்க முடியாத தாவரப் பகுதி. உடலில் சேராத ஒன்று எடையைக் குறைக்க எப்படி உதவும் என்ற சந்தேகம் நியாயமானது. அது வேலை செய்யும் இடங்கள் மூன்று. முதலாவது வாய். நார் உள்ளதை மென்றுதான் விழுங்க முடியும். சாப்பிடும் வேகம் குறைகிறது. இரண்டாவது இரைப்பையும் சிறுகுடலும். ஓட்ஸ், வெந்தயம், கொத்தவரை விதை, வெண்டைக்காய் போன்றவற்றில் உள்ள கரையும் நார், தண்ணீரோடு சேர்ந்து கொழகொழப்பாகிறது. இரைப்பை காலியாவது தாமதமாகிறது. மாவுச்சத்து சர்க்கரையாக மாறி ரத்தத்தில் கலக்கும் வேகமும் மட்டுப்படுகிறது. சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் வரும் பசி தள்ளிப்போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்றாவது இடம் பெருங்குடல். அங்கே வாழும் நுண்ணுயிர்கள் நாரின் ஒரு பகுதியை நொதிக்கவைத்து, குடல் சுவருக்கு உணவாகும் கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. இவை குடலின் சில செல்களைத் தூண்டி ஜிஎல்பி-1 என்கிற ஹார்மோனைச் சுரக்கவைக்கின்றன. போதும் என்று மூளைக்குச் சொல்லும் ஹார்மோன்களில் இதுவும் ஒன்று. இன்று பரபரப்பாகப் பேசப்படும் எடைக் குறைப்பு ஊசிகள் இந்த ஹார்மோனின் வேலையைத்தான் பல மடங்கு பெரிதாக்கிச் செய்கின்றன. சுண்டல் சாப்பிட்டால் ஊசியின் பலன் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அளவில் இரண்டும் பக்கத்தில் வைக்கக் கூடியவை அல்ல.

கோதுமைத் தவிடு, கீரைத்தண்டு, பயறுகளின் தோல் ஆகியவற்றில் அதிகமுள்ள கரையாத நாரின் வேலை வேறு. அது மலத்துக்குப் பருமன் தந்து குடலில் நகர்த்துகிறது. சாப்பாட்டின் அளவு குறையும்போது முதலில் அடிவாங்குவது இதுதான். எடைக் குறைப்பில் இறங்கியவர்களுக்கு மலச்சிக்கல் வரக் காரணம் தேட வேண்டியதில்லை: உள்ளே போகிற உணவு குறைந்தது, சோற்றோடும் குழம்போடும் போன தண்ணீர் குறைந்தது, நார் குறைந்தது.

நாரின் பெருமையை ஊர்கூட்டிச் சொன்னவர் டெனிஸ் புர்கிட் என்ற அயர்லாந்து அறுவை சிகிச்சை மருத்துவர். உகாண்டாவில் நெடுங்காலம் பணியாற்றிய அவர், பிரிட்டனில் தினமும் பார்க்கிற குடல்வால் அழற்சியும் மூலமும் குடல் பை நோயும் அங்கே அரிதாக இருந்ததைக் கவனித்தார். மக்கள் கழிக்கும் மலத்தின் எடையையே அளந்து ஒப்பிட்டார். 1970களில் அவர் சொன்ன எல்லாவற்றையும் பின்னால் வந்த ஆய்வுகள் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனால், அடித்தளம் நின்றது. 2019இல் 'லான்செட்' இதழில் வெளியான தொகுப்பாய்வு 185 நீண்டகாலக் கண்காணிப்பு ஆய்வுகளையும் 58 மருத்துவப் பரிசோதனைகளையும் ஒன்றுசேர்த்துப் பார்த்தது. நார்ச்சத்தை மிகக் குறைவாகச் சாப்பிட்டவர்களைவிட அதிகம் சாப்பிட்டவர்களிடம் மரணமும் இதய நோய், பக்கவாதம், இரண்டாம் வகை நீரிழிவு, பெருங்குடல் புற்றுநோய் ஆகியவையும் 15 முதல் 30% வரை குறைவாக இருந்தன. பரிசோதனைகளில் உடல் எடையும் குறைந்தது.

ஒரே ஒரு விதி

'எதை விடுவது' என்ற கேள்வியை மாற்றிப்போட முடியுமா என்பதை நேரடியாகச் சோதித்த ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்டது. அதிக எடையும் ரத்தச் சர்க்கரை, ரத்த அழுத்தச் சிக்கல்களும் கொண்ட 240 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு அமெரிக்க இதயச் சங்கத்தின் முழு உணவுத் திட்டம்: உப்பு, சர்க்கரை, கொழுப்பு, மது, மீன், காய், கலோரி என்று 13 கட்டளைகள். இன்னொரு பிரிவுக்கு ஒரே கட்டளை: தினமும் 30 கிராமுக்குக் குறையாமல் நார்ச்சத்து சாப்பிடுங்கள். எதையும் விடச் சொல்லவில்லை. ஓர் ஆண்டு முடிவில் முதல் பிரிவினர் சராசரியாக 2.7 கிலோ குறைந்திருந்தார்கள். ஒற்றை விதிக்காரர்கள் 2.1 கிலோ.

இந்த எண்களைப் பார்த்துச் சிலர் உதட்டைப் பிதுக்கலாம். ஒரு மாதத்தில் 10 கிலோ என்று விளம்பரத் தட்டிகள் கூவும் ஊரில், ஆண்டுக்கு 2 கிலோ யாருக்கு வேண்டும்? ஆனால், 13 விதிகளுக்கும் ஒரு விதிக்கும் இடையே இருந்த வித்தியாசம் அறுநூறு கிராம்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். நாரைக் கூட்டியவர்கள், யாரும் சொல்லாமலே வேறு சிலவற்றைக் குறைத்துக்கொண்டார்கள். வயிற்றில் இடமில்லாதபோது வடைக்கு மனம் போவது குறையும். நார்ச்சத்து தனியாகப் பெரிய எடையைக் கரைத்துவிடாது. கலோரியும் குறைந்தாக வேண்டும். கலோரியைக் குறைத்த ஒருவர் பசியால் துவண்டு போகாமல் அந்தக் குறைப்பில் நீடித்திருக்கத்தான் அது உதவுகிறது. எடைக் குறைப்பில் ஜெயிப்பதும் தோற்பதும் அந்த நீடிப்பில்தான் இருக்கிறது.

சந்தை விற்கும் நார்

நார்ச்சத்து நல்லது என்ற செய்தி மக்களைச் சேர்வதற்கு முன்பே சந்தையைச் சேர்ந்துவிட்டது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி, 100 கிராமுக்கு 6 கிராம் நார் இருந்தால் அந்தப் பண்டத்தை 'அதிக நார்ச்சத்து உள்ளது' என்று சொல்லி விற்கலாம். மைதாவும் சர்க்கரையும் பாமாயிலும் முக்கால்வாசி இருக்கும் பிஸ்கட்டில் கொஞ்சம் தவிடு தூவினாலே இந்த வரம்பைத் தொட்டுவிட முடியும். அட்டையின் முன்பக்கத்தில் கோதுமைக் கதிர் படம் இருக்கும். பின்பக்கத்தைத் திருப்பி, சேர்மானப் பட்டியலின் முதல் மூன்று பொருள்களைப் படியுங்கள். அங்கேதான் உண்மை இருக்கிறது.

அடுத்தது, கைக்குத்தல் அரிசி. பச்சரிசியில் 100 கிராமுக்கு 2.8 கிராம் நார், தீட்டாத அரிசியில் 4.4. நல்ல உணவுதான், மற்ற சத்துகளும் அதில் கூடுதல். ஆனால், ஒரு வேளைக்கு 60 கிராம் அரிசி சாப்பிடுபவருக்கு நாரில் கிடைக்கும் லாபம் ஒரே ஒரு கிராம். கூடுதல் விலை கொடுத்து அரிசியை மாற்றிவிட்டுப் பொரியலை அதே ஒரு கரண்டியில் நிறுத்திக்கொள்பவர், ஏமாந்தது தெரியாமலே ஏமாறுகிறார். சிறுதானியங்களில் கேழ்வரகும் கம்பும் 11 கிராம் என்ற அளவில் உண்மையிலேயே முன்னால் நிற்கின்றன. கேழ்வரகுக் களியும் கம்பங்கூழும் சாப்பிடலாம். வெள்ளை வெளேரென்று தீட்டிய சாமையும், சிறுதானிய நூடுல்ஸும், எண்ணெயில் பொரித்த தினை முறுக்கும் அந்தப் பெயரை மட்டும்தான் சுமக்கின்றன.

நடைப்பயிற்சிக்காரர்கள் கூடும் பூங்கா வாசல்களில் அதிகாலையில் சாறு வியாபாரம் களைகட்டுகிறது. அருகம்புல், நெல்லிக்காய், வாழைத்தண்டு. வாழைத்தண்டை நறுக்கி, விரலில் சுற்றிச் சுற்றி நூலை எடுத்து, மிக்சியில் அடித்து, வெள்ளைத் துணியில் இறுக்கிப் பிழிகிறார்கள். சாறு டம்ளருக்குப் போகிறது. வாங்க வந்தவருக்கு வேண்டியிருந்த சக்கை குப்பைக் கூடைக்குப் போகிறது. சாத்துக்குடி ஜூஸுக்கும் இதே கதிதான். கொழுத்தவனுக்குக் கொள்ளு என்ற பழமொழியை நம்பி, கொள்ளு வெந்த தண்ணீரில் வைத்த ரசத்தை மட்டும் குடிப்பவருக்கும் நார் கிடைக்காது. கொள்ளைத் துவையலாகவோ சுண்டலாகவோ மென்று தின்ன வேண்டும்.

தமிழ்நாட்டில் பத்தாண்டுகளாகச் செல்வாக்கோடு இருக்கும் பேலியோ உணவுமுறையையும் பேச வேண்டும். தானியத்தையும் சர்க்கரையையும் விட்டதால் பலருக்கு எடை குறைந்தது. ரத்தச் சர்க்கரை கட்டுக்குள் வந்தது. அதை மறுப்பதற்கில்லை. காலையில் 100 பாதாம் சாப்பிடுவதைப் பின்பற்றியவர்களுக்கு அதிலேயே 13 கிராமுக்கு மேல் நார் கிடைத்திருக்கும். பாதாம் விலை கட்டுப்படியாகாமல், முட்டையும் கறியும் பனீரும் மட்டும் என்று அதைச் சுருக்கிக்கொண்டவர்களின் தட்டில் நார் ஏறக்குறைய பூஜ்யம். முட்டையிலும் இறைச்சியிலும் பாலிலும் நார்ச்சத்து கிடையாது. இந்த முறையில் இருப்பவர்கள் கீரையையும் காயையும் கணக்குப் பார்த்தே சாப்பிட வேண்டும்.

2025இல் மவுஞ்சாரோ, வீகோவி ஆகிய எடைக் குறைப்பு ஊசிகள் இந்தியச் சந்தைக்கு வந்தன. மலச்சிக்கல் இவற்றின் அறியப்பட்ட பக்க விளைவுகளில் ஒன்று. பசி குறைந்து நான்கு வாய் சாப்பிடுகிறவருக்கு அந்த நான்கு வாயில் என்ன இருக்க வேண்டும் என்று எழுதிக்கொடுப்பதும் மருந்துச் சீட்டின் ஒரு பகுதியாக வேண்டும்.

பொறுமையும் தண்ணீரும்

இதைப் படித்துவிட்டு நாளையே மூன்று கிண்ணம் சுண்டல் சாப்பிட வேண்டாம். 15 கிராமுக்குப் பழகிய குடலில் திடீரென 35 கிராமைத் திணித்தால் வயிறு உப்பும், வாயு பிரியும், 'பயறு எனக்கு ஒத்துக்கொள்ளாது' என்ற தீர்ப்போடு கதை முடியும். வாரத்துக்கு 5 கிராம் வீதம் ஏற்றினால் மூன்று, நான்கு வாரத்தில் குடலும் அதன் நுண்ணுயிர்களும் பழகிக்கொள்ளும். பயறை இரவு முழுக்க ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவைத்தால் வாயுவை உண்டாக்கும் சர்க்கரைகள் கணிசமாக வெளியேறும். முளைகட்டினால் இன்னும் குறையும். பெருங்காயமும் இஞ்சியும் நம் பாட்டிமார் காரணமில்லாமல் சேர்த்தவை அல்ல.

சாப்பாட்டிலிருந்து போதிய நார் கிடைக்காதவர்களுக்கு இசப்கோல் ஒரு துணை. குஜராத், ராஜஸ்தானில் விளையும் இந்த உமியை உலகத்துக்கே அனுப்புவது இந்தியாதான். ஒரு முழு டம்ளர் தண்ணீரில் கலந்து உடனே குடிக்க வேண்டும். வெறும் வாயில் போட்டுக்கொண்டால் தொண்டையிலேயே ஊதி அடைக்கும். மற்ற மாத்திரைகளுக்கும் அதற்கும் இடையே 2 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும். குடல் சுருக்கம், குடல் அழற்சி நோய், அண்மையில் வயிற்று அறுவை சிகிச்சை, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் நாரைக் கூட்டக் கூடாது. மலத்தில் ரத்தம், நடுவயதுக்கு மேல் திடீரென மாறிய மலப்போக்கு, முயற்சி செய்யாமலே குறையும் எடை ஆகியவற்றுக்குக் கீரையும் சுண்டலும் மருந்தல்ல. அவை பரிசோதிக்கப்பட வேண்டியவை.

நார் தண்ணீரைக் கேட்கும். தண்ணீர் இல்லாத நார் மலச்சிக்கலைக் கூட்டும். இந்த எளிய உண்மை நம் ஊர்ப் பெண்களிடம் வந்ததும் சிக்கலாகிவிடுகிறது. துணிக்கடையில் நிற்கும் பெண், பந்தோபஸ்தில் நிற்கும் பெண் காவலர், வீடு வீடாகப் போகும் சுகாதாரப் பணியாளர், கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிப்பதையே தவிர்க்கிறார்கள். கடைப் பணியாளர்களுக்கு உட்காரும் உரிமையைத் தமிழ்நாடு 2021இல் சட்டமாக்கியது. நல்ல கழிப்பறையும் அதற்குப் போய்வர அனுமதியும் இல்லாமல், 'நிறைய தண்ணீர் குடிங்க, நார்ச்சத்து சாப்பிடுங்க' என்று அவர்களிடம் சொல்வது அறிவுரை ஆகாது. வீட்டிலும் கடைசியாகச் சாப்பிட உட்காருபவருக்கு மிஞ்சுவது சோறும் குழம்பின் அடியும்தான். பொரியல் சட்டி அதற்குள் காலியாகியிருக்கும். பெண்களின் 30.9% எப்படி 40.4% ஆனது என்று யோசிக்கும்போது இந்தச் சட்டியையும் எட்டிப் பார்க்க வேண்டும்.

அரசும் உணவகமும்

தனிமனித ஒழுக்கமாக மட்டும் இதைப் பேசி முடித்துவிட முடியாது. தட்டில் என்ன இருக்கிறது என்பதை விலை தீர்மானிக்கிறது. ஆளுக்கு 400 கிராம் காய், பழம் என்றால் நான்கு பேர் உள்ள வீட்டுக்கு நாளுக்கு 1.6 கிலோ, மாதத்துக்கு 48 கிலோ. அரிசி 2011 முதல் ரேஷனில் இலவசம். துவரம்பருப்பு மானிய விலையில் கிலோ 30 ரூபாய்க்கு, பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்கின்றன. பசியை ஒழித்ததில் இந்தத் திட்டங்களின் பங்கு மகத்தானது. இலவச அரிசியைக் குறை சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால், பசியைத் தீர்த்த தட்டுக்குப் பருமனும் நீரிழிவும் வந்திருக்கும்போது, அந்தத் தட்டில் அடுத்து எதை வைப்பது என்று அரசு யோசித்தாக வேண்டும். 2023இல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு தரும் முன்னோடித் திட்டம் தொடங்கியது. அதைப் போல, தோல் நீக்காத முழுப் பயறு ஒன்றை, கொண்டைக்கடலையோ பாசிப்பயறோ, மாதம் ஒரு கிலோவாவது மானிய விலையில் ரேஷனில் தரலாம். தோல் நீக்கிய துவரம்பருப்பில் 100 கிராமுக்கு 9 கிராம் நார். முழுப் பாசிப்பயறில் 17. கருப்புக் கொண்டைக்கடலையில் 25. ஒரு ரூபாய்க்கு இவ்வளவு நார் தரும் பொருள் சந்தையில் வேறு எது என்று அரசின் கணக்காளர்களே போட்டுப் பார்க்கட்டும்.

சத்துணவில் பயறுகள் ஏற்கெனவே இடம்பிடித்துள்ளன. அம்மா உணவகங்களிலும், அரசு அலுவலக, மருத்துவமனை உணவகங்களிலும் மலிவு விலையில் ஒரு கிண்ணம் சுண்டல் தருவதற்குப் பெரிய ஏற்பாடு தேவையில்லை. மெரினாவில் தூக்குச்சட்டியும் கரண்டியும் கொண்டே தேங்காய் மாங்காய்ப் பட்டாணிச் சுண்டலை விற்றுவருகிறார்கள். நவராத்திரியில் ஒன்பது நாளும் ஒன்பது பயறு என்று சளைக்காமல் செய்கிற சமையலறைகள் நம்முடையவை. மீதி முந்நூற்றுச் சொச்ச நாள்களுக்கு அந்தப் பழக்கம் எங்கே போகிறது?

தனியார் உணவகங்களின் சாப்பாட்டு மேசையில் சோறு கேட்கக் கேட்க வருகிறது. பொரியல் குப்பி மூடி அளவுக் கிண்ணத்தில் ஒருமுறை வருகிறது. இரண்டாவது முறை கேட்டால் பரிமாறுபவர் முகம் மாறுகிறது. சோற்றுக்கு அளவு வைத்து, காய்க்கு அளவில்லை என்று சொல்லும் ஒரு 'மீல்ஸ்' பலகை நம் ஊரில் தொங்கினால் வரிசையில் நிற்க ஆள் இருக்கிறது. விலையைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளட்டும்.

மருத்துவர்களுக்கும் உணவு ஆலோசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். எடையைக் குறைக்க வந்தவரிடம் நிறுத்த வேண்டியவற்றின் பட்டியலை நீட்டுவதற்கு முன், அவர் ஒரு நாளில் எத்தனை கிராம் நார் சாப்பிடுகிறார் என்று கணக்கெடுங்கள். இரண்டு நிமிடத்தில் முடியும் வேலை. சேர்க்க வேண்டியதை முதலில் எழுதுங்கள்; குறைக்க வேண்டியதை அடுத்த வாரம் பேசலாம்.

வாசகர்களுக்குச் சொல்வதும் அதுதான். வரும் வாரத்தில் எதையும் விட வேண்டாம். மதியம் தட்டில் காயை முதலில் வையுங்கள், சோற்றின் அளவுக்கு அதுவும் இருக்கட்டும். மாலையில் ஒரு கைப்பிடிப் பயறு. பழத்தைப் பிழியாமல் கடித்துத் தின்னுங்கள். 100 கிராம் கொய்யாவில் 8 கிராமுக்கு மேல் நார், அதே எடை ஆப்பிளில் 3 கிராம்கூட இல்லை. தண்ணீரைக் கூட்டுங்கள். இரண்டாவது வாரம் சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்துப் பாருங்கள். வயிறு அதைக் கண்டுகொள்ளாது.